இரண்டாவது இணைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எங்கள் வீட்டு டிவியில் ராசிபலன்காரர் கத்திக்கொண்டிருந்தார். மைசூர் மேட்டகள்ளியில் எங்கள் தெருவான நாலாவது கிராஸில் இருக்கிற அத்தனை மிதுன ராசிக்காரர்களுக்கும் அன்றைக்கு வாகன யோகம் என்பது தெரிந்துபோனது. வால்யூம் அறுபத்திரண்டு.

கீழ்வீட்டு சுலோசனாம்மா படியேறி வந்தார். வீட்டுச் சொந்தக்காரர். கையில் ரங்கோலி டப்பா அப்படியே இருந்தது.

"ஏனம்மா ஜோதி, இது டிவியா, ஜாத்ரெ மைக்கா? ஸ்வல்ப கம்மி மாடு." திருவிழா மைக் மாதிரி அலறுகிறது, கொஞ்சம் குறை என்று என்னிடம் சொன்னார்.

"கொறச்சுட்டோமுங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். கன்னடத்தில் திட்டினால் தமிழில் பதில் சொல்வது அம்மாவின் வழக்கம். குறைக்கவில்லை. குறைத்தால் அப்பா மறுபடி கூட்டிவிடுவார்.

சுலோசனாம்மா இறங்கிப் போன பிறகுதான் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"யாரு வந்துட்டுப் போறது?"

"ஓனரம்மா!"

"வாடகையா? குடுத்தாச்சே."

"வாடகை இல்லீங்க. சத்தம்!"

"என்ன சத்தம்? எனக்கொண்ணும் கேக்கலையே."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை.

இன்றைக்குத்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அப்பா லிங்கப்பன், ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாக ஒரே கிரானைட் யூனிட்டில் கல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். அம்மா பஞ்சவர்ணம் ஊதுபத்தி பேக்கிங். நான் ஜோதிமணி, எங்கள் வம்சத்திலேயே முதல் பி.காம். ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன். காதில் அழுக்கு எடுக்கலாம் என்று பொய் சொல்லிப் போன மாதம் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது, மிஷின் சத்தம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். காதுக் கருவி மாட்டச் சொன்னார்.

அப்பா மாட்டவில்லை.

"அதை மாட்டிட்டு யூனிட்டுக்குப் போனா அன்னைக்கே என்னைய லோடிங்குக்குத் தள்ளிருவானுக, அம்மிணி. பிளேடு தேயற சத்தம் கேக்கோணும். கேக்காதவனுக்கு எதுக்கு மிஷின்?"

அவருக்கு அந்தச் சத்தம் கேட்டே மூன்று வருஷம் இருக்கும். மிஷின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பார்த்து பிளேடு மாற்றுகிறார். யூனிட்டில் யாருக்கும் தெரியாது. அந்த உள்ளங்கையை நம்பித்தான் எங்கள் வீடு ஓடுகிறது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் வரும். அந்த யூனிட்டில் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் காதடைப்பான் கொடுப்பார்கள். சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிவிடுவார்கள். மற்ற நாளில் பஞ்சு, அதுவும் வீட்டிலிருந்து கொண்டு போகிற பஞ்சு. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வேலையால் காது போனதற்கு நஷ்டஈடு கேட்டு, தொழிலாளர் அலுவலகத்தில் அப்பா பெயரில் ஒரு மனு கொடுத்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு ஒரு முறை உண்டு. காகிதம் எந்த மொழியில் இருந்தாலும் நான் இடத்தைக் காட்டி விரலை வைப்பேன். என் நகத்துக்கு மேலே அப்பா தமிழில் 'லிங்கப்பன்' என்று போடுவார். கடைசி 'ன்' ஒரு வால் விட்டு ஓடும். ரேஷன் கார்டு, பேங்க், என் காலேஜ் ஃபாரம் எல்லாம் அப்படித்தான். என்ன காகிதம் என்று கேட்பார். நான் சொல்வது போதும்.

இந்த முறையும் கேட்டார். "காஸ் பேப்பருங்கப்பா" என்றேன். போட்டார்.

மனுவுக்குச் சாட்சி சந்திரன் மாமா. அதே யூனிட்டில் அப்பாவோடு வேலை பார்த்து, சண்டை போட்டு வெளியே வந்து, இப்போது தொழிற்சங்க வேலை செய்கிறவர். வெள்ளிக்கிழமை அவர் போன் செய்து சொன்னார்: திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் யூனிட்டுக்கு வருகிறார். எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கூப்பிட்டு, "இது உன் கையெழுத்தா?" என்று கேட்பார். விஷயம் தெரியாத மனுஷன் பயந்துபோய், "நான் போடலீங்க" என்றால் மனுவும் போச்சு, காது போனதும் ஊருக்குத் தெரிந்தது, மிஷினும் போச்சு.

ஆக, ஞாயிறு ராத்திரிக்குள் நான் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

வெறும் கையோடு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் நிஜம். அதனால் ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்து, அவர் நிம்மதியாக டிவி பார்த்துச் சந்தோஷமாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டேன். வீட்டுக்குள் மாட்டுவதை யூனிட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஓனரம்மாவும் படியேற வேண்டாம்.

பத்தரைக்கு அப்பாவும் நானும் பஸ் ஏறினோம்.

அர்ஸ் ரோட்டில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சுவர் முழுக்க ஹெட்செட் தொங்கியது. தருண்குமார் என்று சட்டையில் பெயர் குத்திய பையன் வந்தான். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவனும் தமிழுக்கு மாறினான். மைசூர்த் தமிழ், 'வேண்டாம்' என்பதற்குக் கன்னடத்து 'பேடா' வரும்.

"யாருக்கு மேடம்? உங்களுக்கா?"

"அப்பாவுக்கு. டிவி பாக்க."

"ஸ்மார்ட் டிவி தானே? ஸ்மார்ட்னா புளூடூத் இருந்தே இருக்கும். டென்ஷனே பேடா. உங்க போன் குடுங்க."

என் போனை வாங்கி ஏதோ தட்டினான். பெட்டியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து அப்பாவின் தலையில் மாட்டினான். ஒரு பாட்டைப் போட்டான்.

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது. புருவம் மேலே போய் அங்கேயே நின்றது.

"அடேங்கப்பா! மண்டைக்குள்ளயே பாடுது, அம்மிணி!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கத்தினது அவருக்குத் தெரியாது. ஒரு குழந்தை சிரித்தது. நான் முறைத்தேன்.

"இதுல ஒரு ப்ளஸ் பாயிண்ட் இருக்கு மேடம்" என்றான் தருண்குமார். "ஒரே டைம்ல ரெண்டு டிவைஸ் பிடிச்சுக்கும்."

"சரி, சரி" என்றேன். என்ன என்று கேட்கவில்லை. பட்டதாரி தலையாட்டினாள். அவ்வளவுதான்.

பில்லை அப்பா பெயரில் போடச் சொன்னேன். இது அவருடைய பொருளாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. வாரண்டி கார்டில் வாங்கியவர் கையெழுத்து வேண்டும் என்றான். வீட்டில் போட்டுக்கொள்கிறோம் என்று பையில் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அம்மா கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

செட்டிங்ஸில் புளூடூத் இருந்தது. உள்ளே போனேன். 'ரிமோட்டை இணைக்க' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெளியே வந்து மறுபடி போனேன். அதே ஒரு வரி. டிவியை அணைத்துப் போட்டேன். ஹெட்செட்டை அணைத்துப் போட்டேன். இரண்டையும் அணைத்து, என்னையும் கொஞ்சம் அணைத்து, மறுபடி போட்டேன்.

"கடையில பாடுச்சே?" என்றார் அப்பா.

"அது போன்ல பாடுச்சுங்கப்பா!"

"போனுக்கும் டிவிக்கும் சண்டையா?"

"நீ படிச்சவதான கண்ணு, பொறுமையாப் பாரு" என்றாள் அம்மா.

இந்த வாக்கியம்தான் எனக்கு ஆகாது. காஸ் மானியம் வராவிட்டாலும் நான் படித்தவள். பக்கத்து வீட்டுப் பிரிட்ஜ் ஓடாவிட்டாலும் நான் படித்தவள். பி.காமில் எனக்கு புளூடூத் நடத்தவில்லை. பெட்டியை எடுத்துத் திருப்பினேன். 'எல்லாக் கருவிகளுக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்து. அதன் தலையில் ஓர் எறும்பு அளவுக்கு நட்சத்திரக் குறி. பெட்டியின் அடியில், எறும்பின் கால் அளவில், அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம்: புளூடூத் வழியாக ஒலியை அனுப்பும் வசதி உள்ள கருவிகளுக்கு மட்டும்.

எங்கள் டிவியில் புளூடூத் இருக்கிறது. அது ரிமோட்டோடு பேச மட்டும். ஹெட்செட்டோடு பேசாது. இருக்கிறது என்பதும் இதற்கு உதவும் என்பதும் வேறு வேறு என்று எவன் சொன்னான்?

மறுபடி பஸ். ஆதார் காட்டினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குச் சாதகமாக இருந்தது.

தருண்குமார் என்னைப் பார்த்ததும் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"டிவி மாடல் நம்பர் எடுத்துட்டு வந்தீங்களா மேடம்?"

"மொதல்ல நீ கேட்டியா?"

"நீங்க ஹெட்செட்தானே கேட்டீங்க. டிவி பத்தி ஒண்ணும் கேக்கலையே."

"டிவி பாக்கறதுக்குன்னு சொன்னேனா இல்லையா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும். ஸ்மார்ட்னா இருந்தே இருக்கும்னு எதுக்கு அடிச்சு விட்ட? ஒரு மனுஷன் நம்பி வாங்கறாரு. அவருக்குத் தெரியாதுன்னா நீ எதை வேணாலும் தலையில கட்டுவியா?"

நான் கத்தியதில் பக்கத்து கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். தருண்குமார் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்தான். "சாரி மேடம்" என்றான், நிஜமாகவே.

பிறகு ஒழுங்காகச் சொன்னான். டிவியால் அனுப்ப முடியாவிட்டால் அனுப்புவதற்கென்றே ஒரு சின்ன டப்பா உண்டு, டிரான்ஸ்மிட்டர். டிவிக்குப் பின்னால் சொருகினால் அது சத்தத்தை எடுத்து ஹெட்செட்டுக்கு அனுப்பும்.

"ஆனா லேட்டா வரலாம் மேடம். படம் முன்னாடி, சத்தம் பின்னாடி. அனுப்புறதுக்கும் வாங்குறதுக்கும் ஒரே பாஷை தெரிஞ்சா லேட் ஆகாது. ஒண்ணுக்குத் தெரிஞ்சது இன்னொண்ணுக்குத் தெரியலைன்னா, ரெண்டுக்கும் தெரிஞ்ச சாதா பாஷையில பேசிக்கும். அது மெதுவா."

"இந்த ரெண்டுக்கும் ஒரே பாஷையா?"

அவன் இரண்டு பெட்டிகளையும் திருப்பித் திருப்பிப் படித்தான். முதல்முறையாக ஒருவன் பெட்டியைப் படிப்பதைப் பார்த்தேன்.

"இல்ல மேடம். சாதா பாஷைதான்."

"குடு."

டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. டிரான்ஸ்மிட்டர் வயர் சரியாகப் பொருந்தியது. 'க்ளிக்' என்றது. ஹெட்செட்டில் நீல விளக்கு எரிந்தது. அப்பாவுக்கு மாட்டினேன்.

"கேக்குதாங்கப்பா?"

"ஏதோ ஒரு புள்ள இங்கிலீசுல பேசுது. ரெண்டு தடவை சொல்லுச்சு."

"அது சேந்துருச்சுன்னு சொல்லுதுங்க. டிவி கேக்குதா?"

"டிவி கேக்கல."

ஒரு தடவை சேர்ந்தால் எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பொருந்துகிறது, விளக்கு எரிகிறது, பெண் குரல் பேசுகிறது, சத்தம் மட்டும் இல்லை. மணி மூன்று. ராத்திரிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்வேனா, இந்த வயரைப் பிடித்துக்கொண்டே விடிந்துவிடுமா?

அம்மா டிவிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தாள். ஊதுபத்தி வாசனை என் மூக்கில் ஏறியது.

"அம்மிணி, இது சத்தம் வெளிய வர்ற ஓட்டையா, உள்ள போற ஓட்டையா?"

"ஓட்டைன்னா ஓட்டைதானம்மா!"

"அதெப்படி? நம்ம பழைய டிவிடி பிளேயரு இருந்துச்சல்ல. அதுல இருந்து வயரை டிவிக்குள்ள சொருகுவோம். டிவிக்கு அது உள்ள போற ஓட்டை. அதுல இருந்து எப்படிச் சத்தம் வெளிய வரும்?"

நான் ஓட்டைக்கு மேலே இருந்த எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே போவதுதான்.

ஏழாவது படித்த என் அம்மா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு செட்டாப் பாக்ஸைத் தூக்கித் திருப்பினாள். பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள். "இதுதான் வெளிய வர்றது" என்றாள். பரணில் ஏறி ஒரு மஞ்சள் பையை இறக்கினாள். பழைய வயர்கள். தூக்கிப் போடு என்று நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பை. ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையும், மறு முனையில் சின்ன ஓட்டை.

சிவப்பு, வெள்ளையைச் செட்டாப் பாக்ஸிலும், டிரான்ஸ்மிட்டர் வயரை அந்தச் சின்ன ஓட்டையிலும் சொருகினோம்.

அப்பாவின் புருவம் மேலே போனது.

"வருது! வருது!" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி டிவியைப் பார்த்தார். "ஆனா வாயி முன்னாடி போகுது, பேச்சு பொறவால வருது."

"அப்படித்தான் வருமுங்கப்பா. ரெண்டுக்கும் பாஷை வேற."

"பரவால்ல. எனக்குப் பழக்கம்தான். யூனிட்ல எல்லாரு பேச்சும் எனக்கு அப்படித்தான். வாயைப் பாத்துக்கிட்டு, என்ன சொன்னான்னு பொறவால ரோசிச்சுக்குவேன்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டிவி வால்யூமைப் பன்னிரண்டுக்குக் குறைத்தேன். அம்மாவுக்கு அது போதும். அப்பாவுக்கு ஹெட்செட்டில் தனியாக. வீடு திடீரென்று அமைதியானது. ஐந்து நிமிஷத்தில் கீழே இருந்து சுலோசனாம்மாவின் குரல்.

"ஜோதி! டிவி கெட்டுஹோய்தா?"

"இல்லீங்க, நல்லா இருக்குதுங்க!" என்றாள் அம்மா, தமிழில்.

அம்மா காபி போடப் போனாள். அப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். பழைய படம் ஒன்று ஓடியது. இதுதான் நேரம். காபி வரட்டும், குடிக்கட்டும், முன்னால் உட்கார்ந்து சொல்லிவிடலாம். எப்படித் தொடங்குவது? 'அப்பா, கோவப்படாதீங்க' என்றா? 'உங்க நல்லதுக்குத்தான்' என்றா? இந்த இரண்டாவது வாக்கியத்தை யாராவது என்னிடம் சொன்னால் நான் செருப்பைத் தேடுவேன்.

போன் அடித்தது. சந்திரன் மாமா.

போனை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே மொட்டை மாடிக்கு ஓடினேன். அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் எல்லோரும் வெளியே ஓடிப் போய்த்தான் பேசுகிறோம். இந்தப் பழக்கம் எங்களுக்கு எப்போது வந்தது?

"ஹலோ, சொல்லுங்க மாமா."

ஒன்றும் கேட்கவில்லை.

"ஹலோ? மாமா? கேக்குதா?"

இரைச்சல்கூட இல்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டி பக்கம் போனேன், படிக்கட்டுப் பக்கம் வந்தேன், கையைத் தூக்கிப் பிடித்தேன். "ஹலோ, ஹலோ." மைசூரில் இந்த டவர்க்காரர்களையும் ஒருநாள் கேட்க வேண்டும். இரண்டு நிமிஷம் ஆனதும் எதிர்ப்பக்கம் துண்டித்தது.

மறுபடி அழைக்கலாம் என்று திரையைப் பார்த்தபோதுதான், முடிந்த அழைப்பின் மேல் ஒரு சின்னப் படம் தெரிந்தது. ஹெட்செட் படம்.

ஒரே டைம்ல ரெண்டு டிவைஸ் பிடிச்சுக்கும்.

ரெண்டு தடவை சொல்லுச்சு.

கடையில் முதலில் என் போனோடுதான் அதைச் சேர்த்தான். அது மறக்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் ஓர் இணைப்பு. என் போன் இரண்டாவது. அழைப்பு வந்ததும் படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, சந்திரன் மாமாவை நேராக அப்பாவின் காதுக்குள்...

போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு அவரை அழைத்தேன்.

"மாமா, இப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன அம்மிணி, இவ்வளவு நேரம் சொன்னனே, கேக்கலையா?"

"திரும்பச் சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றது உறுதிதான்னு சொன்னேன். உங்கப்பன்கிட்ட சொல்லிட்டியான்னு கேட்டேன். காஸ் பேப்பர்னு சொல்லிக் கையெழுத்து வாங்குனது தப்பு, காது கேக்காத மனுசன்னா அவனுக்கு ரோசனையும் இருக்காதான்னு கொஞ்சம் கோவமாத்தான் கேட்டேன். நீ ஒண்ணுமே பேசல. நடுவுல யாரோ இருமுன சத்தம் கேட்டுச்சு. உங்கப்பன் இருமல் மாதிரியே இருந்துச்சு. பக்கத்துல இருக்கான் போல, கேட்டுருவானோன்னு சத்தத்தைக் கொறச்சுக்கிட்டேன்."

"எந்த இடத்துல கொறச்சீங்க?"

"அதெல்லாம் எனக்கென்ன ஞாபகம்? ஏன், என்னாச்சு?"

நான் வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தேன். அப்பா அதே இடத்தில், அதே சுவரில், அதே கால் நீட்டலில் இருந்தார். தலையில் ஹெட்செட். டம்ளரில் பாதிக் காபி ஆடை கட்டியிருந்தது. படத்தில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்டாரா? கேட்டது யார் குரல் என்று தெரிந்ததா? படத்தில் வந்த வசனம் என்று நினைத்திருப்பாரா? மாமா சத்தத்தைக் குறைத்தாரே, காஸ் பேப்பர் என்று சொன்னதற்கு முன்பா, பின்பா? ஹெட்செட் முழு வால்யூமில் அல்லவா இருந்தது?

"அப்பா" என்றேன்.

திரும்பவில்லை. கேட்காமல் திரும்பவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா? மூன்று வருஷமாக இந்தக் கேள்வியே எனக்குத் தேவைப்படவில்லை.

"அம்மா, அப்பா ஏதாச்சும் சொன்னாரா? இப்ப?"

"என்ன சொல்றாரு? காபி குடுத்தேன். 'ஆருது?'ன்னாரு. நாந்தான்னேன். வேற ஒண்ணுமில்லையே."

அம்மாவைத்தான் கேட்டாரா?

நான் ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகப் பையிலிருந்து வாரண்டி கார்டை எடுத்தேன். பேனாவை எடுத்தேன். அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, கார்டை நீட்டி, வாங்கியவர் கையெழுத்து என்ற இடத்தில் விரலை வைத்தேன். பழக்கம். கை தானாகப் போய்விட்டது.

அப்பா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தார். பேனாவை வாங்கினார். என் நகத்தைப் பார்த்தார்.

"என்ன பேப்பர் அம்மிணி?"

"வாரண்டி கார்டுங்க. இதுக்கு."

"படி."

"ஒண்ணுமில்லீங்கப்பா, கெட்டுப்போனா மாத்தித் தருவாங்க, அவ்வளவுதான்."

"படின்னேன். முழுசா. ஒரு வரி விடாம."

இருபத்து மூன்று வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

படித்தேன். இங்கிலீஷில் ஒரு வரி பார்த்து, தமிழில் ஒரு வரி சொன்னேன். தண்ணீரில் விழுந்தால் வாரண்டி கிடையாது. வயர் அறுந்தால் கிடையாது. அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டினார். கடைசி வரி வந்தது.

"உங்கள் கருவியோடு இது பொருந்துமா என்று வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் பொறுப்பு."

"ஆரு பொறுப்பு?"

"வாங்கறவங்களுதுங்க."

"விக்கறவன் சொல்லோணும்னு இல்லையா?"

மத்தியானம் கடை நடுவில் நின்று கத்தினேனே, அதில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை.

"அப்படி இதுல போடலீங்கப்பா."

"ம்."

அவர் என் விரலைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை. ஒரு குச்சியை எடுத்து ஓரமாக வைப்பது போல, கார்டின் மேலிருந்து எடுத்து என் மடியிலேயே வைத்தார். பிறகு அந்தக் காலி இடத்தில் 'லிங்கப்பன்' என்று எழுதினார். 'ன்' வால் விட்டு ஓடவில்லை. நெட்டுக்குத்தாக நின்றது.

"பஞ்சவர்ணம்" என்றார். வழக்கம்போலக் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு எனக்குச் சோறு கட்ட வேண்டாம்."

"ஏனுங்க? லீவா?"

அப்பா ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"என்ன கண்ணு இது? யூனிட்டுக்குப் போகலையாமா? இல்ல, வேற எங்கியாச்சும் போறாரா?" அம்மா என்னைக் கேட்டாள். நான்தானே படித்தவள்.

எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கப் போகிறாரா, நிற்காமல் ஒளியப் போகிறாரா, நேராக அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கிழிக்கச் சொல்லப் போகிறாரா, எதுவும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் பார்த்தேன். ஹெட்செட்டில் நீல விளக்கு எரியவில்லை. கழற்றும்போதே அணைத்திருக்கிறார், இப்போது அவர் காதில் படம் ஓடவில்லை. எங்கே அமுக்குவது என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

டிவிக்கும் அவருக்கும் நடுவில், என் வாய் அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னைக்கு அது காஸ் பேப்பர் இல்லீங்க."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்செட்டைக் கழற்றவில்லை.